ஊர்ப் பிள்ளைகளின் போசாக்குக்குக் காசு இருக்கிறது: பொதியா, முன்பள்ளிச் சாப்பாடா, தோட்டமா, தாயின் கையில் பணமா?

யாழ்ப்பாணத்து ஊர்ச்சங்கங்களும், கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிற ஊர் ஒன்றியங்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "எங்கட ஊரில பிள்ளையள் மெலிஞ்சு போயிருக்கினம். ஒரு வருசத்துக்குச் செலவழிக்கக் கொஞ்சம் காசு இருக்கு. என்ன செய்யலாம்?" கேட்கிறவர்கள் அநேகமாக ஒரு பதிலை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அது உலர் உணவுப் பொதி. அதைச் சரி என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

நான் உடனே சரி என்று சொல்வதில்லை. பொதி கெட்டது என்பதற்காக இல்லை. எந்த வயதுப் பிள்ளைக்கு என்று தீர்மானிக்க முன்னமே என்ன கொடுப்பது என்று தீர்மானித்துவிடுகிறோம் என்பதற்காக. ஒன்பது மாதக் குழந்தைக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. கீழே நாலு வழிகளை ஒப்பிட்டிருக்கிறேன். கடலோரக் குடியிருப்பு, தீவகம் (யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகள்), மீளக்குடியேறிய கிராமம், சொந்தக் காணி இல்லாத குடும்பங்கள் வாழும் ஒழுங்கைகள் ஆகியவற்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, வயது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். சுமார் 15 சதவீதத்தினர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள், அதாவது மெலிந்தவர்கள். இவை இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். உயரம் குன்றுவது பெரும்பாலும் தாயின் வயிற்றில் தொடங்கி இரண்டு வயதுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. ஆயிரம் நாள் என்று கிளினிக்கில் சொல்வது இந்தக் காலத்தைத்தான். மெலிவு அப்படியில்லை. ஒரு மாதம் கடலுக்குப் போகாவிட்டாலோ, ஒரு கிழமை வயிற்றோட்டம் வந்தாலோ எந்த வயதிலும் வரும். கவனித்தால் பிள்ளை தேறியும் விடும். இலங்கையில் மெலிவின் அளவு உலக சுகாதார நிறுவனம் "மிக அதிகம்" என்று வகுத்திருக்கும் 15 சதவீத எல்லையில் நிற்கிறது. உங்கள் ஊரில் எது கூட என்று தெரியாமல் திட்டம் போட முடியாது.

இரண்டாவது, கொடுப்பது அந்தப் பிள்ளையின் வாய்க்குப் போகிறதா, இல்லை வீட்டுப் பானைக்குள் போய் ஆறு பேருக்குப் பிரிகிறதா.

மூன்றாவது, யாருடைய நேரத்தைத் தின்கிறது. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் தாயின் நேரத்துக்கு நிரல் கிடையாது. காலையில் வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுத்து, பின்னேரம் தண்ணீர் அள்ளும் பெண்ணிடம் இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டு அதை உதவி என்று சொல்லக்கூடாது.

நாலாவது, யார் விடுபடுகிறார்கள். இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லவேண்டும். சங்க நிர்வாகம் பெரும்பாலும் காணியும் படிப்பும் உள்ள பக்கத்தில் இருந்துதான் வருகிறது. அவர்கள் எழுதும் பெயர்ப்பட்டியலில் கோயில் வீதி வீடுகள் முதலில் வரும், கடைசி ஒழுங்கை வராமலே போகும். பிள்ளைகள் கூடுதலாக மெலிந்திருப்பது அந்தக் கடைசி ஒழுங்கையில்தான்.

தெரிவுமுறையிலும் ஒரு பொறி இருக்கிறது. "நிறை குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும்" என்று விதி வைத்தால், கஷ்டப்பட்டுப் பிள்ளையைத் தேற்றிய தாய்க்கு உதவி நின்றுபோகும், தேற்றாதவளுக்குத் தொடரும். வயதை வைத்துத் தெரிவு செய்தால் இந்த வம்பு இல்லை. "இந்தக் குறிச்சியில் இரண்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும்" என்று எழுதிவிடுங்கள். கொஞ்சப் பேர் தேவையில்லாமல் உள்ளே வருவார்கள். வரட்டும்.

## அரசாங்கம் ஏற்கெனவே செய்வது

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். ஊரில் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். மாதாமாதம் நிறை பார்த்துப் பதிவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, திரிபோஷ கொடுப்பது எல்லாம் அவருடைய வேலை. சோளம், சோயா, பால்மா சேர்த்து இலங்கையில் தயாராகும் திரிபோஷ 1970களில் இருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறுபிள்ளைகளுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் மூலப்பொருள் இல்லாமல் விநியோகம் தடைப்பட்டது. கிடைக்கும் காலத்திலும் அது உருண்டையாகப் பிடிக்கப்பட்டு அண்ணன் அக்காமாருக்கும் போகிறது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

சங்கம் செய்யக்கூடாத முதல் காரியம், இதற்குப் போட்டியாக இன்னொரு மா வாங்கிக் கொடுப்பது. செய்யவேண்டிய முதல் காரியம், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பேசுவது. பிள்ளைகளின் பெயர்களை அவர்கள் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் எந்தக் குறிச்சியில் எந்த வயதில் பிரச்சினை கூட என்பதை மிஸ் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

## ஒன்று: உலர் உணவுப் பொதி

அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, ரின்மீன், தேயிலை, பால்மா. ஒரு நாளில் வாங்கி, ஒரு நாளில் கட்டி, ஒரு நாளில் கொடுத்து முடிக்கலாம். காசு தந்தவருக்குப் படமும் அனுப்பலாம். பொதி இவ்வளவு பிரபலமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தப் படம்தான் என்பது என் அபிப்பிராயம்.

பொதி போவது வீட்டுப் பானைக்கு. அதில் பிழையில்லை, வீடே பசியில் இருந்தால். ஆனால் பிள்ளையின் போசாக்கு என்ற பெயரில் கொடுக்கும்போது உள்ளே இருப்பதைப் பாருங்கள். பாதிக்கு மேல் மாவும் சீனியும். ஒரு வயதுப் பிள்ளைக்கு இல்லாமல் இருப்பது அரிசி அல்ல. முட்டை, மீன், பருப்பு, கீரை, பழம், கொஞ்சம் எண்ணெய். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 6 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கு எட்டு உணவுக் குழுக்களில் ஐந்தாவது ஒரு நாளில் கிடைக்கவேண்டும் என்கின்றன. தாய்ப்பாலும் அந்த எட்டில் ஒன்று. வழமையான பொதி இதில் தானியத்தையும் பருப்பையும் தாண்டினால் பெரிய விஷயம்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று போக்குவரத்து. நெடுந்தீவுக்கோ அனலைதீவுக்கோ என்றால் குறிகாட்டுவான் இறங்குதுறை வரை லொறி, பிறகு படகு, இறக்குகூலி, அங்கிருந்து லாண்ட்மாஸ்டர் (சின்ன உழவு இயந்திரம்). பொதியின் பெறுமதியில் நல்ல பங்கு இதில் போய்விடும். இரண்டாவது பால்மா. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டுக்குப் பால்மா போனால் தாய்ப்பால் குறையும். குழந்தைப் பால்மாவை இலவசமாக விநியோகிப்பதை தாய்ப்பாலுக்குப் பதிலான பால்மாக்களின் விற்பனை பற்றிய 1981 ஆம் ஆண்டின் சர்வதேசக் கோவை எதிர்ப்பதும் இதனால்தான். போதாததற்கு அதைக் கரைக்கும் தண்ணீர். வலிகாமத்துத் தோட்டக்கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். சிறு குழந்தைக்கு அது ஆபத்து.

சரி, பொதி எப்போது நல்லது? வெள்ளம், புயல், இடம்பெயர்வு, கடைகள் மூடிக்கிடக்கும் காலம். அப்புறம், படகு ஓடாத நாட்கள் வரும் தீவுகளுக்கு வாடைக்காற்று தொடங்குமுன் ஒரு தடவை. அப்போதும் சீனியையும் கோதுமை மாவையும் குறைத்துப் பயறு, கௌபி, உழுந்து, கச்சான், நெத்தலிக் கருவாடு, நல்லெண்ணெய் என்று போடுங்கள். எதுவும் பழுதாகாது, எல்லாம் இங்கேயே வாங்கலாம்.

## இரண்டு: முன்பள்ளியில் ஒரு வேளைச் சாப்பாடு

காலை பத்து மணிக்கு இலைக்கஞ்சி, அவித்த பயறு, கௌபி, முட்டை, ஒரு பழம். நாலில் இது ஒன்றுதான் நேராகப் பிள்ளையின் வாய்க்குப் போவதைக் கண்ணால் பார்க்கக்கூடியது. பிள்ளைகளின் வரவும் அதிகரிக்கும். தமிழ்நாட்டில் காமராசர் காலத்தில் 1956 இல் விரிவாகிய மதிய உணவுத் திட்டமும், 1982 இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாகப் பெருப்பித்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவந்த கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் முன்பள்ளிக்கு வருவது மூன்று வயதுப் பிள்ளை. உயரம் குன்றும் காலம் அதற்கு முன்னமே போய்விட்டது. அதனால் முன்பள்ளிச் சாப்பாட்டைத் தொடங்கிவிட்டு, "ஒரு வருசமாகியும் பிள்ளைகள் உயரவில்லையே" என்று கேட்பது நியாயமில்லை. அது வேறு வேலை செய்யும்: பசி தீரும், மெலிவு குறையும், இரத்தச்சோகையில் கொஞ்சம் முன்னேற்றம் வரும், பிள்ளை பாடத்தில் தூங்காது.

செலவு சாமானில் இல்லை. 30 பிள்ளைகள், மாதம் 22 நாள், ஆளுக்கு ஒரு முட்டை என்றால் 660 முட்டை. இதை யாரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். போடாத கணக்கு சமைப்பவரின் சம்பளம், விறகு அல்லது காஸ், நல்ல தண்ணீர், பாத்திரம், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒப்புக்கொள்ளும் ஒரு குசினி. "தாய்மார் முறைவைத்துச் சமைப்பார்கள்" என்று எழுதிவைத்த திட்டங்களில் மூன்றாம் மாதத்தில் ரீச்சர்தான் சமைத்துக்கொண்டிருப்பார். முன்பள்ளி ரீச்சர்மாரின் கொடுப்பனவு எவ்வளவு சொற்பம் என்று தெரிந்தவர்கள் அவர் தலையில் இதையும் கட்டமாட்டார்கள். சமைக்கிறவருக்குச் சம்பளம் கொடுங்கள். யார் சமைக்கிறார் என்பதில் சாதி வந்து நிற்கும் ஊர்கள் இன்னும் உண்டு. அதைத் தொடக்கக் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் குசினி பூட்டப்படும்.

இன்னொரு ஓட்டை, விடுமுறை. மார்கழி விடுமுறையில் சாப்பாடு இல்லை. வடமராட்சிக் கரையில் கடல் கொந்தளித்து வருமானம் விழுவதும் அதே மார்கழியில். தேவை உச்சத்தில் இருக்கும்போது திட்டம் நித்திரை கொள்ளும். விடுமுறைக்கு வீட்டுக்குக் கொடுத்துவிட ஒரு பங்கை ஒதுக்காவிட்டால் இந்த ஓட்டை அடைபடாது. வீட்டில் காலைச் சாப்பாடு நின்றுபோகாமலும் பார்க்கவேண்டும். "அங்க குடுக்கினம்தானே" என்று ஒரு வாய் புட்டுக்கூட இல்லாமல் அனுப்பினால் கணக்கு பூச்சியம்.

சமையலில் சின்ன விஷயங்கள் கணக்கில் வரும். முருங்கை இலையிலும் பொன்னாங்காணியிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு இலேசில் எடுக்காது. தேசிக்காய்ப் புளி விட்டால், அல்லது கூடவே கொய்யாப்பழம் கொடுத்தால் கூடுதலாக எடுக்கும். சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுத்தால் குறைவாக எடுக்கும். கஞ்சியோடு சேர்த்துப் பிள்ளைக்குத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுக்கும் வழக்கத்தை முன்பள்ளியிலேயே நிற்பாட்டலாம்.

## மூன்று: வீட்டுத்தோட்டமும் கோழியும்

வெளிநாட்டு ஒன்றியங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். "மீனைக் கொடாதே, மீன்பிடிக்கக் கற்றுக்கொடு" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். மீன்பிடிக்கத் தெரிந்த ஊரில்தான் நாங்கள் நிற்கிறோம் என்பது அவருக்கு ஞாபகம் வராது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? வங்காளதேசத்தில் இருந்து புர்கினா பாசோ வரை வீட்டுத்தோட்டத் திட்டங்கள் நிறையச் சோதிக்கப்பட்டுள்ளன. வீட்டில் காய்கறி, கீரை உண்பது கூடுகிறது. சில இடங்களில் இரத்தச்சோகை குறைந்திருக்கிறது. பிள்ளையின் உயரம் கூடியதற்கான சான்று பலவீனமானது. அதாவது, தோட்டம் நல்ல காரியம். ஆனால் அதற்குப் போசாக்குத் திட்டம் என்று பெயர் வைத்து அளவுக்கு மீறி எதிர்பார்க்கக்கூடாது.

யாழ்ப்பாணத்தில் இதைத் தீர்மானிப்பது தண்ணீரும் மண்ணும். மழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. அதற்குப் பிறகு எல்லாம் கிணறு. தீவகத்திலும் மணற்பாங்கான கரையோரத்திலும் கோடையில் கிணறு உவராகிவிடும். குடிதண்ணீரே பவுசரில் (தாங்கி லொறியில்) வரும் இடத்தில் கத்தரிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? மாடும் ஆடும் அவிழ்த்துவிட்டிருக்கும் ஊரில் வேலி இல்லாமல் ஒரு கன்றும் மிஞ்சாது. விதைப் பொதிக்குக் காசு ஒதுக்கும் திட்டங்கள் வேலிக்கு ஒதுக்குவதில்லை. வாடகைக் காணியிலோ உறவினர் வளவிலோ இருக்கும் குடும்பத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. அதிகம் தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

கோழியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முட்டை மிக நல்ல சாப்பாடு. ஈக்குவடோரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு நாளுக்கொரு முட்டை வீதம் ஆறு மாதம் கொடுத்த ஆய்வு 2017 இல் வெளிவந்தது; உயரம் குன்றல் 47 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. உலகமே முட்டையைக் கொண்டாடியது. பிறகு மலாவியில் ஒரு பெரிய ஏரிக்கரைப் பகுதியில் அதே மாதிரி செய்து பார்த்தார்கள். உயரத்தில் வித்தியாசம் வரவில்லை. அங்கே முட்டை கொடுக்காத பிள்ளைகளும் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்களில் ஒன்று.

இதைப் படித்தபோது எனக்கு வடமராட்சி கிழக்கில் மருதங்கேணிப் பக்கத்துக் கரையோரம்தான் நினைவுக்கு வந்தது. மீன் உள்ள ஊரில் முட்டைத் திட்டத்தை விட, அந்த மீன் குழந்தையின் கோப்பைக்குப் போகிறதா என்று பார்ப்பது மலிவு. பல வீடுகளில் மீன் பெரியவர்களுக்கும் பெரிய பிள்ளைகளுக்கும், கைக்குழந்தைக்குச் சொதி விட்ட சோறு. முள் குத்தும், உறைப்பு, சின்னப் பிள்ளைக்குச் சூடு என்று மூன்று காரணம் தயாராக இருக்கும். உறைப்புப் போட முன்னம் ஒரு துண்டு மீனை எடுத்து முள் நீக்கி மசித்துக் கொடுக்கலாம். நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து உப்பை நன்றாகக் கழுவி, காயவிட்டு, வறுத்து இடித்துத் தூளாக்கிக் கஞ்சியில் ஒரு கரண்டி போடலாம். இதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை, ஆனால் ஒருவர் உட்கார்ந்து செய்து காட்டவேண்டும்.

கோழி கொடுப்பதென்றால் கூட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எத்தியோப்பியாவில் செய்த ஓர் ஆய்வில், கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளைகள் பொதுவாக நல்ல உயரமாக இருந்தார்கள். ஆனால் இரவில் கோழியை வீட்டுக்குள் அடைத்த இடங்களில் அந்த நன்மை காணாமல் போயிருந்தது. தவழும் குழந்தையின் கை தரையில், கை வாயில். அப்புறம் கோழிகளுக்கு வரும் ரானிக்கெட் நோய். தடுப்பூசி போடாவிட்டால் ஒரு கிழமையில் ஊர்க்கோழி முழுக்கப் போய்விடும். கால்நடை வைத்தியர் பணிமனையுடன் முன்கூட்டியே பேசாத கோழித் திட்டத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தோட்டம் பொருந்துவது செம்மண், நன்னீர்க் கிணறு, சொந்தக் காணி மூன்றும் உள்ள இடங்களுக்கு. மீளக்குடியேறிய வலிகாமம் வடக்கின் பல பகுதிகள் அப்படிப்பட்டவை. மற்ற இடங்களில் ஒரு முருங்கை, ஒரு பப்பாசி, சமையல் தண்ணீர் போகும் வழியில் ஒரு பாத்தி பொன்னாங்காணி, அவ்வளவு போதும்.

## நாலு: தாயின் கையில் பணம், கூடவே கூட்டம்

இதைச் சொன்னால் சங்கத்தில் முகங்கள் சுருங்கும். "காசு குடுத்தால் மனுசன் குடிச்சுப்போடுவான்." பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, பண உதவி பெற்ற வீடுகளில் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. பெரும்பாலும் அந்தப் பயம் கொடுப்பவரின் பயம்தான்.

எனக்குத் தெரிந்ததில் இந்த விஷயத்துக்கு மிகவும் பொருத்தமான ஆய்வு வங்காளதேசத்தில் 2012 முதல் 2014 வரை நடந்தது. ஏழைக் குடும்பத்துத் தாய்மாருக்கு மாதம் 1,500 டாக்கா பணம் ஒரு பிரிவுக்கு, அதே பெறுமதிக்கு உணவு இன்னொரு பிரிவுக்கு, பணத்தோடு போசாக்குப் பயிற்சி வேறொரு பிரிவுக்கு. பணம் மட்டும் கொடுத்த இடத்தில் பிள்ளைகளின் உயரத்தில் பெரிய மாற்றமில்லை. உணவு மட்டும் கொடுத்த இடத்திலும் அப்படித்தான். நாட்டின் வடக்கில் பணமும் பயிற்சியும் சேர்ந்து போன இடத்தில் உயரம் குன்றிய பிள்ளைகளின் பங்கு சுமார் 7 சதவீதப் புள்ளி இறங்கியது. இரண்டு வருடத்தில் இது பெரிய இறக்கம். பயிற்சி என்றால் வருடத்துக்கு ஒரு கருத்தரங்கு இல்லை. கிழமைக்கொரு கூட்டம், வீட்டுக்கு வந்து பார்ப்பது, மாமிமாரையும் ஊர்ப் பெரியவர்களையும் கூப்பிட்டுப் பேசுவது.

மாமியார் விஷயம் எங்களுக்கும் பொருந்தும். குழந்தைக்கு முதல் சோறு எப்போது, மீன் எப்போது, எது சூடு எது குளிர் என்பதை இருபத்திரண்டு வயதுத் தாய் தனியே முடிவெடுப்பதில்லை. அம்மம்மாவைக் கூப்பிடாத கூட்டம் பாதிக் கூட்டம்.

மறைந்த செலவுகள் இங்கேயும் உண்டு. முதலாவது நுண்கடன். கிழமைத் தவணை எடுக்க வருகிறவருக்கு உதவிப்பண நாள் தெரிந்துவிட்டால் காசு நேரே அங்கே போகும். கடன் கூடுதலாக உள்ள குறிச்சிகளில் காசுக்குப் பதிலாகச் சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) முட்டை, மீன், பயறு, கச்சான், பழம் மட்டும் எடுக்கக்கூடிய வவுச்சர் நல்லது. சங்கக்கடையில் முட்டையும் பழமும் ஒழுங்காக இருக்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது விலையேற்றம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதற்கு முதல் வருடம் 1,000 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க ஏறக்குறைய 1,950 வேண்டும். தொகையை மாற்றாமல் வைத்திருந்த எந்தத் திட்டமும் அந்த வருடத்தில் அரைவாசியாகிவிட்டது. பொதியில் இந்த நட்டம் சங்கத்துக்கு. பணத்தில் அது தாய்க்கு. மூன்றாவது, கூட்டம் நடத்தும் ஆள். ஊரிலேயே படித்த ஒரு பெண்ணுக்கு அரைநேரச் சம்பளம் கொடுத்து, மிஸ்ஸிடம் பயிற்சி எடுக்கவைப்பதுதான் நடைமுறைக்குச் சரி. நிர்வாகச் செலவு என்று சொல்லி இதை வெட்டுகிறார்கள். வெட்டினால் பணம் மட்டும் போன பிரிவின் முடிவுதான் வரும்.

இந்த வழி படம் எடுக்க உதவாது. ஆறு பெண்கள் மரத்துக்குக் கீழே இருந்து கஞ்சியின் தடிப்பைப் பற்றிக் கதைப்பதைப் பார்த்துக் கனடாவின் ஸ்காபரோவில் யாரும் கைதட்டமாட்டார்கள்.

## ஒரே பார்வையில்

| | எந்த வயதுக்கு | பிள்ளையின் வாய்க்குப் போவது | யாரும் எழுதாத செலவு | எங்கே முதல் தெரிவு |
|---|---|---|---|---|
| உலர் உணவுப் பொதி | வீடு முழுக்க | குறைவு | போக்குவரத்து, பால்மாவின் கேடு | இடர்க்காலம், வாடைக்கு முன் தீவுகள் |
| முன்பள்ளிச் சாப்பாடு | 3 முதல் 5 வயது | மிக அதிகம் | சமையற்காரர், குசினி, விடுமுறை | மெலிவு கூடிய, தாய்மார் கூலிக்குப் போகும் இடம் |
| தோட்டம், கோழி | எல்லோருக்கும், தாமதமாக | நடுத்தரம் | தண்ணீர், வேலி, கூடு, தடுப்பூசி | நன்னீரும் சொந்தக் காணியும் உள்ள இடம் |
| பணம், கூட்டம் | கர்ப்பம் முதல் 2 வயது | கூட்டம் நடந்தால் நல்லது | நடத்துபவரின் சம்பளம், விலையேற்றம் | கடை பக்கத்தில் உள்ள, குழந்தைகள் கூடிய கரையோரம் |

மாதர் சங்கம் சத்துமா இடித்து விற்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். அது நல்ல தொழில். போசாக்குத் திட்டமாக அதை நான் எண்ணுவதில்லை. விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நகரத்து வீடுகள்தான்.

## அளந்து பார்ப்பது பற்றி

"முதலில் ஓர் ஆய்வு செய்வோம்" என்று தொடங்கும் ஒன்றியங்களும் உண்டு. ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிற்பாட்டி நிறை பார்த்து, படம் எடுத்து, அறிக்கை போட்டுவிட்டுப் போவது ஆய்வு அல்ல. மிஸ்ஸிடம் அந்த நிறைகள் பதிவில் இருக்கின்றன. உண்மையாகவே ஆய்வு வேண்டுமென்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் சமுதாய மருத்துவத் துறையை அணுகுங்கள். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி, தாயின் சம்மதம் என்று எல்லாம் முறையாக நடக்கும்.

சொந்தமாகப் பலனைப் பார்க்க நினைத்தால் இரண்டு மயக்கங்களை விலக்குங்கள். மார்கழியில் பார்த்த நிறையை ஆனியில் பார்த்த நிறையோடு ஒப்பிடாதீர்கள். கடல் தொழிலோடு நிறையும் ஏறி இறங்கும். மிக மெலிந்த பிள்ளைகளை மட்டும் தெரிவுசெய்து பின்தொடர்ந்தால், எதுவும் கொடுக்காவிட்டாலும் அவர்களில் பலர் சராசரியை நோக்கித் தேறுவார்கள். அதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதக்கூடாது. பக்கத்துக் குறிச்சியின் அதே மாதத்துக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது குறைந்தபட்ச நேர்மை.

ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்ரிமீற்றருக்குக் கீழே என்றால் கிளினிக்குக்கு அனுப்பவேண்டும். 11.5 க்குக் கீழே, அல்லது இரண்டு காலும் வீங்கியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தப் பிள்ளைக்குச் சங்கத்தின் எந்தத் திட்டமும் மருந்தாகாது.

## என்னிடம் காசு இருந்தால்

நாற்பது, ஐம்பது சிறுபிள்ளைகள் உள்ள ஒரு வடமராட்சிக் கரையோரக் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். காசில் பெரும் பங்கைக் கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் தாய்மாருக்கும் மாதாந்த வவுச்சராகக் கொடுப்பேன். கூட்டம் நடத்தும் பெண்ணின் சம்பளம் அதற்குள் அடங்கும். அடுத்த பங்கு முன்பள்ளியில் கிழமைக்கு மூன்று நாள் முட்டைக்கும் சமைப்பவரின் கூலிக்கும். ஐந்து நாளும் செய்யக் காசு காணாது என்றால் மூன்று நாளை வருடம் முழுக்கச் செய்வது, ஐந்து நாளை ஆடியோடு நிறுத்துவதை விட மேல். மிச்சத்தைக் கார்த்திகை, மார்கழிக்கென்று தொடாமல் வைத்து, விடுமுறையில் பயறும் கச்சானும் நெத்தலியும் வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். தோட்டத்துக்கு ஒதுக்கமாட்டேன், முருங்கைத் தடி கேட்டால் யாரும் சும்மா தருவார்கள்.

நெடுந்தீவு என்றால் வவுச்சரைக் குறைத்து, வாடைக்கு முந்திய பொதியைக் கூட்டுவேன். வலிகாமம் வடக்கில் மயிலிட்டிப் பக்கம் காணி திரும்பக் கிடைத்த குடும்பங்கள் என்றால் வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் காசு போகும்.

எந்த ஊராக இருந்தாலும் முதல் கூட்டத்தை விடியக்காலையில் வைக்காதீர்கள். கரையில் மீன் ஏலம் முடியாமல் தாய்மார் வரமாட்டார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு, கடைசி ஒழுங்கைக்குக் கிட்டவாக ஒரு வளவில், பிள்ளைகளையும் கொண்டுவரச் சொல்லி வையுங்கள். வரும்போது அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.